குறைநின்ற கதையும் இரசிகர் தொகைப்படமும்

ஒரு கதைக்கு முதலும் இடையும் கடையும் இன்றியமையாதன என்பது அரிஸ்டோட்டில் காலந்தொட்டு அறிஞர் உடன்பட்டதோர் உண்மை. கதை எங்கேனும் நின்றுவிடுவதால் அது முடிந்ததாகாது. முன் நிகழ்ந்தன யாவும் இவ்விடத்தை நோக்கியே வந்தன என்னும் நிறைவு காண்போர் உள்ளத்தில் எழும்போதே கதை முடிந்ததென்போம். நாடகாசிரியன் தன் நாடகத்தைத் தானே முடிக்கிறான், நாவலாசிரியனும் அவ்வாறே. ஆனால், தொலைக்காட்சித் தொடர் என்னும் இக்காலக் கலைவடிவினை ஆக்குவோனுக்குப் பெரும்பாலும் இவ்வுரிமை இல்லை. அதன் ஆயுளை வரையறுப்பது அதனை ஒளிபரப்பும் நிறுவனமே. காண்போர் தொகை குறைந்ததென்றோ விளம்பர வருவாய் போதாதென்றோ அந்நிறுவனம் கருதுமாயின், பாத்திரங்கள் நடுவழியில் நிற்கக் கதை அறுபட்டுப் போகும்.

இவ்வாறு அறுபட்ட தொடர்களை நினைந்து அவற்றின் இரசிகர்கள் ஒருவகைச் சிறுபடங்களை ஆக்கி வருகின்றனர். தொடரிலுள்ள காட்சிகளைச் சிறு சிறு துண்டுகளாக எடுத்து, அவற்றைப் புதிய வரிசையிற் கோத்து, முன்னரே வழங்கும் ஒரு பாடலின் இசைக்கும் சொல்லுக்கும் இயைய அமைப்பது அவற்றின் முறை. பாடல் முடியும்போது படமும் முடியும். பெரும்பாலும் மூன்று நான்கு நிமிடங்களே அதன் அளவு. ஆங்கிலத்தில் இதனை 'விட்' எனவும், இதனை ஆக்குவோரை 'விடர்' எனவும் வழங்குவர். தொகுத்தலே இதன் உயிராதலின் இக்கட்டுரையில் இதனைத் 'தொகைப்படம்' எனச் சுட்டுவாம். இவை ஆர்வப் பெருக்கால் விளைந்த விளையாட்டுப் பொருள்கள் மட்டுமோ, அன்றித் திறனாய்வாளன் கருதத்தக்க கலைப்படைப்புக்களோ என்பதே ஈண்டு ஆராய எடுத்துக்கொண்ட பொருள்.

இக்கலையின் பிறப்பே நிறுத்தப்பட்ட ஒரு தொடரின் நினைவில் நிகழ்ந்தது என்பது கருதத்தக்கது. அமெரிக்காவின் என்.பி.சி. நிறுவனம் 1966 செப்டெம்பரில் ஒளிபரப்பத் தொடங்கிய 'ஸ்ரார் ட்ரெக்' என்னும் விண்வெளித் தொடர் இரண்டாம் ஆண்டிலேயே நிறுத்தப்படும் நிலையை எய்தியது. இரசிகர் எழுதிக் குவித்த கடிதங்களின் பயனாக அதற்கு மூன்றாம் ஆண்டொன்று கிடைத்தது. எனினும் 1969 இல், 79 அங்கங்களுடன், அது நிறுத்தப்பட்டது. ஆறு ஆண்டுகள் கழித்து, 1975 இல், கான்டி ஃபொங் என்னும் பெண்மணி இரசிகர் மாநாடொன்றிலே புதுமையொன்றைச் செய்து காட்டினார். அத்தொடரின் படச்சுருள்களிலிருந்து வெட்டி ஒதுக்கப்பட்ட துண்டுகளைப் படவில்லைகளாக்கி, இரசிகர் புனைந்த வேடிக்கைப் பாடலொன்றின் தாளத்துக்கேற்ப அவற்றை ஒன்றன்பின் ஒன்றாகத் திரையில் வீழ்த்தினார். அசையாப் படங்கள் இசையினால் அசைவு பெற்றன. தயாரித்தோர் கழிவெனத் தள்ளியதே புதியதொரு கலைக்கு மூலப்பொருளாயிற்று.

அவரது பிற்காலப் படைப்பொன்று இன்னும் நுண்ணியது. ஸ்பொக் என்னும் பாத்திரம் மனிதத் தாய்க்கும் வல்கன் என்னும் வேற்றுலகத் தந்தைக்கும் பிறந்தவன்; உணர்ச்சியை அடக்கி அறிவின்வழி நிற்பவன். அப்பாத்திரத்தை நடித்த லெனாட் நிமோய், ஜோனி மிச்செல் இயற்றிய 'போத் சைட்ஸ் நவ்' என்னும் பாடலைத் தம் குரலிற் பாடி 1968 இல் இசைத்தட்டாக வெளியிட்டிருந்தார். அப்பாடலையே எடுத்து ஸ்பொக்கின் படங்களோடு இணைத்தார் ஃபொங். ஒரு பொருளை இருபுறமும் நின்று நோக்குதல் பற்றிய அப்பாடல், இரு குலத்துக்கும் உரியவனாய் ஒன்றிலும் முற்றாக அடங்காத ஒருவனுடைய உள்ளக்குரலாக ஒலித்தது. தொடரில் அவன் வாய்விட்டுச் சொல்லாததை அவனாக நடித்தவரின் குரலே சொல்லிற்று. ஒரு சொல்லையும் தாம் எழுதாமல், ஒரு காட்சியையும் தாம் படம்பிடியாமல், அவ்வம்மையார் ஒரு பாத்திரத்துக்கு உரை கண்டார் எனலாம்.

தொகைப்படம் ஆக்குவோருள் மிகப் பெரும்பாலோர் பெண்களாதலும் இங்கு நோக்கற்பாலது. இக்கலையின் வரலாற்றை ஆராய்ந்த பிரான்செஸ்கா கொப்பா 2008 இல் வெளியிட்ட கட்டுரையொன்றில் இதற்கு ஒரு காரணம் காட்டுகிறார். 'ஸ்ரார் ட்ரெக்' தொடருக்கென முதன்முதல் எடுக்கப்பட்டு நிறுவனத்தால் மறுக்கப்பட்ட அங்கத்திலே, கப்பலின் இரண்டாம் அதிகாரியாக ஒரு பெண் இருந்தாள். உணர்ச்சி அடக்கமும் அறிவுக் கூர்மையும் அவளுக்குரிய பண்புகளாயிருந்தன. பின்னர் அப்பாத்திரம் நீக்கப்பட, அவள் பண்புகள் ஸ்பொக்குக்கு உரியவாயின. ஆகவே, ஸ்பொக்கைத் தேடிச் சென்ற பெண் இரசிகர் மறைந்துபோன அவளையும் தேடினர் என்பது அவர் கருத்தின் சாரம். இக்கருத்தை முற்றாக ஏற்பினும் ஏலாவிடினும், தொகைப்படத்தின் இயல்பொன்றை அது நன்கு விளக்குகிறது. படைப்பிலே உள்ளதைக் கொண்டு படைப்பிலே இல்லாததைச் சுட்டுவது அவ்வியல்பு.

1970 களின் பிற்பகுதியில் வீடியோப் பதிவுப் பொறிகள் வீடுகளுக்கு வந்தன. அதன்பின் அசையும் காட்சிகளையே தொகுக்கும் வாய்ப்பு இரசிகருக்குக் கிட்டியது. அவ்வேலையின் அருமையை இன்றைய மாணவர் எண்ணிப் பார்ப்பதும் கடினம். இரண்டு பொறிகளை இணைத்து, ஒன்றிலே மூலநாடாவை ஓட்டி, வேண்டிய துண்டு வரும் கணத்தில் மற்றதிலே பதிதல் வேண்டும். துண்டின் நீளம் நிறுத்து கடிகாரத்தால் அளந்து குறிக்கப்பட்டது. பதியும் பொறியை இடையில் நிறுத்தி வைத்தால் சில நிமிடத்துள் அது தானே விடுபட்டுவிடும். அதற்குள் அடுத்த துண்டைத் தேடிக் கண்டாக வேண்டும். மீண்டும் ஓட்டும்போது நாடா சிறிது பின்னோக்கி நகருமாதலின் அந்நகர்வையும் கணக்கிற் கொள்ள வேண்டும். பாடலோ எல்லாம் முடிந்தபின் இறுதியிலேதான் சேர்க்கப்பட்டது. எனவே, தொகுப்போர் பாடல் முழுவதையும் மனத்துள் இசைத்துக்கொண்டே காட்சிகளை அளந்து வைத்தனர். ஒரு துண்டு பிழைத்தால் அதற்குப் பின் வந்தன யாவும் பிழைத்தன. படியெடுக்குந்தோறும் நிறமும் மங்கியது. இத்தனை இடர்ப்பட்டு வைக்கப்படும் ஒரு காட்சி காரணமின்றி வைக்கப்பட்டதாகாது. தேர்ந்தெடுத்தல் என்னும் கலைப்பண்பு இவ்விடர்ப்பாட்டினாலேயே வலிமை பெற்றது.

காட்சிகளைப் புதிய வரிசையில் வைப்பதனால் மட்டும் புதுப்பொருள் பிறக்குமோ என ஐயுறுவார்க்குத் திரைப்பட வரலாறே விடை கூறும். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ரஷ்யத் திரைப்படவியலார் லெவ் குலெஷோவ் செய்த சோதனையொன்று புகழ்பெற்றது. உணர்ச்சி எதனையும் வெளிக்காட்டாத ஒரு நடிகனின் முகத்தை அவர் உணவுக் கலத்தின் அருகே வைத்தார். அதே முகத்தைச் சவப்பெட்டியின் அருகேயும் வைத்தார். முதலாவதிற் பசியையும் இரண்டாவதிலே துயரையும் அம்முகத்தில் மக்கள் கண்டனர் என்பர். காட்சியின் பொருள் அதனுள் மட்டும் அடங்கியதன்று. அதன் அயலிலிருந்தும் வருகிறது. தொகைப்படத்தினர் இவ்வுண்மைக்கு இசை என்னும் மற்றோர் அயலையும் கூட்டினர். ஒரு முகம் முன்னும் பின்னும் உள்ள காட்சிகளால் மட்டுமன்றி, அது தோன்றும் கணத்தில் ஒலிக்கும் சொல்லாலும் பொருள் பெறுகிறது.

இது நிற்க. நிறுத்தப்பட்ட தொடரொன்றைத் தொகைப்படம் எவ்வாறு போற்றுகிறது, எவ்வாறு போற்றுதல் வேண்டும் என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விரிவாக நோக்குவாம். 'பயர்பிளை', அதாவது 'மின்மினி', என்னும் தொடர் இதற்கு மிகப் பொருத்தமானது.

ஜொஸ் வீடன் ஆக்கிய இத்தொடரைப் பொக்ஸ் நிறுவனம் 2002 செப்டெம்பர் 20 ஆந் திகதி தொடக்கம் வெள்ளிக்கிழமை இரவுகளில் ஒளிபரப்பியது. எடுக்கப்பட்ட அங்கங்கள் 14. அவற்றுள் 11 மட்டுமே அவ்வாண்டில் ஒளிபரப்பாயின. கதையைத் தொடக்கி வைத்தற்கென எழுதப்பட்ட முதலங்கம் எல்லாவற்றுக்கும் கடைசியாக டிசெம்பர் 20 ஆந் திகதி காட்டப்பட்டது. கடை இல்லாத கதைக்கு முதலும் இடம் மாறிற்று. இரசிகர் பணம் சேர்த்து, திரைத்தொழில் ஏடாகிய 'வரைற்றி'யில் விளம்பரம் இட்டுத் தொடரைக் காக்க முயன்றனர், முயற்சி பயனளிக்கவில்லை. 2003 டிசெம்பரில் 14 அங்கங்களும் இறுவட்டுக்களாக வெளிவந்தபோதே அமெரிக்க மக்கள் பலர் கதையை உரிய வரிசையில் முழுமையாகக் கண்டனர்.

கதையும் ஒரு தோல்வியில் தொடங்குவதே. ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பின்னர், மக்கள் வேறொரு கோள்மண்டலத்திற் குடியேறி வாழும் காலம். நடுக்கோள்களின் கூட்டணியரசு ஏனைய கோள்களையும் தன் ஆட்சிக்குட் கொணர விரும்ப, சுதந்திரப் படையினர் அதனை எதிர்த்துப் போரிட்டுத் தோற்கின்றனர். இறுதிப் போர் நிகழ்ந்த இடம் செரெனிற்றிப் பள்ளத்தாக்கு. 'செரெனிற்றி' என்பது சாந்தி எனப் பொருள்படும். தோற்ற படையிலே போரிட்ட மல்கம் றெயினோல்ட்ஸ் என்பவன் ஆறு ஆண்டுகளின் பின் பழைய சரக்குக் கப்பலொன்றைக் கொண்டு, சட்டத்துக்குட்பட்டும் புறம்பாகவும் கூலிக்குப் பொருள் ஏற்றிப் பிழைக்கிறான். தான் தோற்ற களத்தின் பெயரையே அவன் கப்பலுக்கும் இட்டிருக்கிறான். ஒன்பது பேர் அக்கப்பலிற் கூடி வாழ்வதே கதை.

தோற்ற படையினர் அணிந்த கபில நிற மேலங்கி காரணமாக அவர்களுக்கு வழங்கிய பெயரைத் தொடரின் இரசிகர் தமக்கும் சூடிக்கொண்டனர். தொடரை நிறுத்திய நிறுவனத்தைக் கூட்டணியரசாகவும், தம்மைத் தோற்றும் பணியாத படையாகவும் அவர்கள் உருவகித்தனர். இவ்வுருவகம் எளிதில் மனத்தைக் கவர்வது. எனினும், கலை நோக்கில் இடரும் இங்கேதான் தொடங்குகிறது.

தொடர் நின்றுவிட்டதனால் தொகைப்படம் ஆக்குவோர்க்குக் கிடைக்கும் பொருள் வரையறைப்பட்டது. 14 அங்கங்களும் சேர்ந்து ஏறத்தாழ 11 மணி நேரம். 2005 இல் வெளிவந்த திரைப்படத்தையும் கூட்டின் 13 மணி நேரம். உலகெங்கும் உள்ள இரசிகர் எல்லோரும் இக்காட்சிகளையே மீண்டும் மீண்டும் எடுத்தாளுதல் வேண்டும். வளருந் தொடரொன்றின் இரசிகர் அடுத்த அங்கத்தை எதிர்நோக்குவர். இவர்களோ உள்ளதையே மேலும் மேலும் உற்று நோக்குவர். வறுமை நுண்மையைக் கற்பித்தது எனலாம். ஒரு காட்சியை யார் எவ்விடத்தில் எதற்காக வைத்தார் என ஒப்பிட்டு மதிப்பிடும் வாய்ப்பும் இதனால் நமக்குக் கிடைக்கிறது.

இவ்வகைத் தொகைப்படங்களை இரு பாற்படுத்தலாம். போற்றுவதோடு அமைவன ஒருபால். போற்றுமுகமாகவே பொருள் காண்பன மற்றொருபால். முன்னையவை எவ்வாறமையும் எனக் கூறுதல் எளிது. முதலங்கத்தின் போர்க்களக் காட்சி முதலில் வரும். கழுத்திலணிந்த சிலுவையை முத்தமிட்டுப் போருக்கு விரைகிறான் மல்கம். வருமென நம்பிய வானுதவி வராமையறிந்து வானத்தை நோக்கித் திகைத்து நிற்கிறான். பாடல் மெல்ல ஏறும். கப்பல் ஒளி வீசி எழும். ஒன்பதின்மர் முகங்களும் ஒவ்வொன்றாகத் தோன்றிச் சிரிக்கும். பாடல் உச்சத்தை அடையத் துப்பாக்கிகள் முழங்கும். இறுதியில் ஒரு பிரிவு, ஒரு கண்ணீர், விண்வெளியில் மறையும் கப்பல். இத்தகைய படத்தைக் காணும் இரசிகர் உள்ளம் உருகுவர் என்பதில் ஐயமில்லை. ஆனால், அவர்கள் உருகுவது தாம் இழந்த தொடரை எண்ணியே. திரையிலுள்ள காட்சியின் பொருளால் அன்று. தொடரை அறியாத ஒருவர்க்கு இது எதனையும் சொல்லாது. அறிந்தவர்க்குப் புதிதாக எதனையும் சொல்லாது.

பின்னைய வகைக்குத் தொடரிலேயே நல்ல பொருள் உண்டு. முதலங்கத்திலே போர்க்களம் சில நிமிடங்களில் முடிந்துவிடுகிறது. அதன்பின் அவ்வங்கத்தில் மறக்கவியலாத காட்சி எதுவெனின், கப்பலின் பொறியாளராகிய கெயிலி என்னும் இளம்பெண் ஸ்றோபெரிப் பழமொன்றை மெல்ல மெல்லச் சுவைத்து உண்பதே. கப்பற் பயணத்துக்குக் கட்டணத்தின் பகுதியாக ஒரு துறவி கொணர்ந்த பழம் அது. பதனிட்ட உணவையே உண்டு வாழ்வோர்க்குக் கிடைத்தற்கரிய பேறு. 'அவுட் ஒஃப் காஸ்' என்னும் அங்கத்திலே, கிடைத்த உணவுத் தூளைக் கொண்டு மருத்துவன் சைமனுக்குப் பிறந்தநாட் பணியாரம் ஒன்று செய்கின்றனர். அனைவரும் ஒரே மேசையைச் சூழ்ந்திருக்கின்றனர். 'த மெசேஜ்' என்னும் அங்கத்திலே, முரடனாகிய ஜெயின் தன் தாய் பின்னி அனுப்பிய விசித்திரத் தொப்பியை மகிழ்ந்து அணிகிறான். இவை வீரச்செயல்கள் அல்ல. தோற்றபின் மனிதர் எவ்வாறு உண்டனர், எவ்வாறு சிரித்தனர், பழுதுபட்ட பொறிக்கு உதிரிப் பாகம் வாங்கப் பணமின்றி எவ்வாறு நாள் கழித்தனர் என்பதையே இத்தொடர் பெரிதும் காட்டியது.

ஒருவர் வீரமுழக்கமுள்ள பாடலொன்றை எடுத்து, அதன் உச்சம் வரும் கணத்தில் வெடியையும் போரையும் வையாது அவ்வுணவு மேசையை வைக்கிறார் எனக் கொள்வோம். பாடல் வெற்றியைக் கூற, காட்சி ஒன்பதின்மர் கூடி உண்பதைக் காட்டுகிறது. அக்கணமே ஒரு கருத்துப் பிறக்கிறது. இவர்களுடைய வெற்றி இதுவே என்பது அக்கருத்து. எவரும் வாயாற் சொல்லாமலே குறிப்பாற் பெறப்படும் இதனையே நம் இலக்கண நூலார் இறைச்சி என்றும், வடமொழி வாணர் தொனி என்றும் வழங்கினர். இங்ஙனம் அமையும் தொகைப்படத்தைக் கண்டவர் மூலத்தொடரை மீண்டும் பார்ப்பாராயின், அம்மேசை முன்போல் வெறும் மேசையாகத் தோன்றாது. தொகைப்படத்துக்கு யாம் கூறும் அளவுகோல் இதுவே: எடுத்த காட்சி மூலத்துக்குத் திரும்பும்போது பொருள் மிகுந்து திரும்புதல் வேண்டும். நூலைப் புகழ்வதால் ஒருவன் உரையாசிரியன் ஆவதில்லை. நூலை மீண்டும் படிக்கச் செய்வதாலேயே ஆகிறான்.

தொடரே தன் இரசிகருக்கு இத்தொழிலைக் கற்பித்தது எனலும் பொருந்தும். மேற்கூறிய 'அவுட் ஒஃப் காஸ்' அங்கம் மூன்று காலங்களை ஒன்றோடொன்று பின்னிச் செல்கிறது. காயமுற்ற மல்கம் ஆளற்ற கப்பலிலே தனியே தள்ளாடி நடக்கும் நிகழ்காலம். கப்பல் பழுதுற்ற அண்மைக்காலம். ஒவ்வொருவரும் கப்பலுக்கு வந்துசேர்ந்த பழங்காலம். இறுதிக் காட்சியிலே, பழங்கப்பல் விற்பவன் வேறொரு கப்பலின் பெருமையை விரித்துரைக்க, மல்கத்தின் கண் அப்பால் கிடக்கும் செரெனிற்றியின்மேற் படுகிறது. காலவரிசையில் முதலாக வேண்டியது கதைவரிசையிற் கடையாகிறது. கடையானதனாலேயே அது நெஞ்சை நிறைக்கிறது. நிகழ்ச்சியை முடிக்காமலே உணர்ச்சியை முடிக்கலாம் என்பதற்கு இதனிற் சிறந்த சான்று வேண்டியதில்லை. நல்ல தொகைப்படம் செய்வதும் இதுவே. அறுபட்ட கதைக்கு அது புதிய நிகழ்ச்சி எதனையும் சேர்ப்பதில்லை. சேர்க்க அதற்குக் காட்சியும் இல்லை. உள்ளவற்றுள் ஒன்றைக் கடையில் வைத்து, மற்றவை யாவும் அதனை நோக்கி வந்தன எனக் காட்டுகிறது. அரிஸ்டோட்டில் வேண்டிய கடை இவ்வாறு வேறொரு வழியாற் கிடைக்கிறது.

'த மெசேஜ்' அங்கத்தின் இறுதியும் இங்கு நினைக்கத்தக்கது. அவ்வங்கத்தைப் படமாக்கும் வேளையிலேயே தொடர் நிறுத்தப்படுஞ் செய்தி வந்தது. பனி விழும் ஊரொன்றிலே பழைய போர்த்தோழன் ஒருவனின் உடலை அவன் குடும்பத்தாரிடம் ஒப்படைக்கும் காட்சிக்கு இசையமைத்த கிரெக் எட்மன்சன், அதனைத் தொடருக்குத் தாம் கூறும் பிரியாவிடையாகவும் கருதி இயற்றினார். ஆகவே, முதல் இரங்கற்பா தொடரின் உள்ளிருந்தே எழுந்தது. அவ்வங்கமோ பொக்ஸ் ஒளிபரப்பாது விட்ட மூன்றனுள் ஒன்று.

இரசிகர் வேண்டியது கதை நிகழ்ச்சிகளின் முடிவே என ஒருவர் வாதிக்கலாம். அவ்வாதத்தை வரலாறு மறுக்கிறது. இறுவட்டுக்கள் நன்கு விற்றமையால் யூனிவேர்சல் நிறுவனம் முன்வந்து, வீடனே எழுதி இயக்கிய 'செரெனிற்றி' என்னும் திரைப்படத்தை 2005 செப்டெம்பர் 30 ஆந் திகதி அமெரிக்காவில் வெளியிட்டது. தொடர் விடாது வைத்திருந்த முடிச்சுக்களுள் முதன்மையானவற்றை அது அவிழ்த்தது. ரிவர் என்னும் பெண்ணை அரசு ஏன் வேட்டையாடியது என்பது வெளிப்பட்டது. பாத்திரங்கள் இருவர் மாண்டனர். நிகழ்ச்சி நோக்கிற் கதைக்கு ஒரு கடை கிடைத்துவிட்டது. எனினும், தொகைப்படங்கள் நின்றனவா? இல்லை, திரைப்படக் காட்சிகளையும் சேர்த்துக்கொண்டு மேலும் பெருகின. இரசிகர் தேடியது 'பின்னர் யாது நிகழ்ந்தது' என்பதற்கு விடையாயின் அது கிடைத்த அன்றே அவர் தொழில் முடிந்திருக்கும். 'நாம் கண்டது யாது' என்பதே அவர்தம் வினா. அவ்வினாவுக்கு நிறுவனம் விடை தர இயலாது.

தொகைப்படத்தினர் எதிர்நோக்கும் பெரியதோர் இடரை இனிச் சுட்டுதல் வேண்டும். தோல்வியைப் போற்றுதல் இனிய மயக்கம். தோற்றவர் பக்கம் நியாயமே இருந்தது, வென்றவரிடம் வலிமை மட்டுமே இருந்தது என உள்ளம் எளிதில் நம்பிவிடும். அமெரிக்க உள்நாட்டுப் போரின் கெற்றிஸ்பேக் சமரைப் பொருளாகக் கொண்டு மைக்கல் ஷாரா எழுதிய 'த கில்லர் ஏஞ்சல்ஸ்' என்னும் நாவலே தமக்கு இத்தொடரின் கருவைத் தந்ததென வீடன் கூறியுள்ளார். அப்போரில் தோற்ற தென்மாநிலத்தார் அடிமை முறையைக் காக்கப் போரிட்டனர். பின்வந்தோர் பலர் அதனை மறைத்து, அத்தோல்வியை உயர்ந்த இலட்சியமொன்றின் வீழ்ச்சியாகப் பாடினர். தொடரின் சுதந்திரப் படையினர்க்கு அக்கறை இல்லை. அவர்கள் அடிமை முறைக்காகப் போரிட்டவர் அல்லர். ஆயினும், தோல்வியின் அழகை மட்டும் எடுத்துக்கொண்டு அதன் காரணங்களை விட்டுவிடும் பழக்கம் அங்கிருந்து இங்கும் வருதல் கூடும். நான்கு நிமிடப் பாடலில் அரசியலை ஆராய இடமில்லை. ஆதலின் தொகைப்படத்தினர்க்கு இப்பொறுப்பு மிகுதி. போர்க்களத்தையே மீண்டும் மீண்டும் காட்டும் படம் இழப்பை வழிபடுகிறது. தொடரோ தன் நாயகனைக் களத்திலே நிறுத்தி வைக்கவில்லை. ஆறு ஆண்டு அப்பாற் கொண்டுசென்று வாழவைத்தது. தோற்ற நாளைப் பாடுதல் எளிது. தோற்றபின் வந்த நாட்களைப் பாடுதல் அரிது. இவ்வரிய பணியைச் செய்யுந் தொகைப்படமே மூலத்துக்கு உண்மையாக நிற்பது.

பிறர் பொருளை எடுத்தாள்வதால் இது கலையாகாது என்பாரும் உளர். இதற்குச் சட்டமே ஒருவகையில் விடையளித்துள்ளது. வணிக நோக்கமின்றி, விமரிசனம் அல்லது கருத்துரை கூறும் பொருட்டு இறுவட்டிலுள்ள படத்தின் சிறு பகுதிகளை எடுத்துப் புதிய படம் ஆக்குவோர்க்கு, இறுவட்டின் காப்புப் பூட்டைத் திறப்பதற்கான விலக்கு அமெரிக்காவில் 2010 இல் வழங்கப்பட்டது. இரசிகர் படைப்புக்களைக் காக்க 2007 இல் தோன்றிய அமைப்பொன்று இதற்காக வாதாடியது. அதிகாரிகள் இங்கு விமரிசனம் என்னும் சொல்லை ஆண்டமை நம் கருத்துக்கு அரண். எனினும், பாடலுக்குரியோரும் படத்துக்குரியோரும் எழுப்பும் உரிமைக் கோரிக்கைகளாற் பல தொகைப்படங்கள் பார்வையிலிருந்து நீக்கப்பட்டன. பழைய நாடாக்களிலுள்ளவை காந்தப் பூச்சுத் தேய்ந்து அழிகின்றன. 2002 இல், 'பயர்பிளை' ஒளிபரப்பான அதே ஆண்டில், சிக்காகோவிலே தொடங்கிய 'விவிட்கொன்' என்னும் தொகைப்பட மாநாடும் 2018 உடன் நிறைவெய்தியது. அறுபட்ட தொடரைக் காக்க எழுந்த கலை தானே அழியும் நிலையிலுள்ளது. 2016 இல் வன்கூவர் கலைக்கூடம் தனது பெருங் கண்காட்சியொன்றிலே இதற்கும் இடமளித்தது. கொப்பாவின் வரலாற்று நூல் 2022 இல் வெளிவந்தது. ஒரு கலையைக் காக்க இவ்வளவும் போதாது. தனித்தனிப் படங்களை எடுத்து இது நன்று, இது தீது எனக் காரணங் காட்டி உரைக்குந் திறனாய்வும் வேண்டும்.

அத்திறனாய்வு இதுவரை பெரும்பாலும் இரசிகர்க்குள்ளேயே நிகழ்ந்து வந்துள்ளது. கல்வியுலகத்தார் இவர்களைச் சமூகவியல் நோக்கிலே குழுவினராக ஆராய்ந்த அளவுக்கு, இவர்கள் ஆக்கிய படங்களைக் கலை நோக்கில் ஆராய்ந்திலர். புதிய வடிவமொன்று தோன்றும்போது அதனை இகழ்ந்து ஒதுக்குவதும், புதிதென்பதற்காகவே புகழ்வதும் ஒருங்கே தவறாகும். பழைய அளவுகோல்களைக் கொண்டே இதனையும் அளக்கலாம். தெரிவு செம்மையானதா? வரிசைக்குக் காரணம் உண்டா? இசையும் காட்சியும் ஒன்றையொன்று விளக்குகின்றனவா, அன்றி ஒன்றையே இரண்டும் கூறுகின்றனவா? உணர்ச்சி காட்சியிற் பிறந்ததா, காண்போர் கூடவே கொண்டுவந்ததா? இவ்வினாக்களுக்கு விடை தரவல்ல தொகைப்படங்கள் மிகச் சிலவே. எந்தக் கலையிலும் அத்தகையன சிலவே. 11 மணி நேரக் காட்சிகளை வைத்துக்கொண்டு, கூலியும் புகழும் கருதாது, ஒரு கணத்துக்குரிய சரியான காட்சியைத் தேடி இராப்பகல் உழைத்த பெண்கள் அச்சிலவற்றை நமக்குத் தந்துள்ளனர். அவற்றை அவற்றின் தகுதியறிந்து மதித்தல் திறனாய்வாளன் கடன்.